பொத்துவிலில் இருந்தபடி பட்டம்: எந்த வழி, எவ்வளவு முடியும்?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வராமல் போன பிள்ளைகள் பொத்துவிலில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நாடு முழுவதும் இதே நிலைதான். உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு நடக்கும் அதே வாரங்களில் கைபேசிக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கும்: வீட்டிலிருந்தே பட்டம், ஒரே வருடத்தில் இங்கிலாந்துப் பட்டம், தவணை முறையில் கட்டலாம். வாப்பா தொலைபேசி எடுத்து, "எல்லாத்துக்கும் எவ்வளவு முடியும்?" என்று கேட்பார். மறுமுனையில் ஒரு தொகை சொல்வார்கள். பிறகு வீட்டுப் பேச்சு முழுவதும் அந்தத் தொகையைச் சுற்றியே ஓடும்.

இணையவழியிலோ தொலைக்கல்வியிலோ படிக்கும் ஒருவருக்கு விழும் செலவில் கணிசமான பகுதி எந்த நிறுவனத்தின் பற்றுச்சீட்டிலும் வராது. அதுபோக, சொன்ன தொகை முழுவதையும் கட்டி முடிப்பதற்கு முன்பே படிப்பை விடுபவர்கள் உண்டு. இரண்டு வருடக் காசைக் கட்டிவிட்டு மூன்றாம் வருடம் முடியாமல் நின்றவருக்கு அந்தப் படிப்பு எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்? ஆகவே வருடா வருடம் ரூபாவில் கட்ட முடிகிற, நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சுகிற வழியே நம் பக்கத்து வீடுகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கீழே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

பற்றுச்சீட்டில் வராத காசு

முதலில் டேட்டா. சூம் வகுப்பு ஒரு மணித்தியாலம் ஓடினால், படத்தின் தரத்தைப் பொறுத்து அரை ஜீபியிலிருந்து ஒரு ஜீபி வரை போகும். வார இறுதியில் ஆறு மணித்தியால வகுப்பு என்றால் மாதத்துக்கு 12 முதல் 24 ஜீபி. தன் கமராவை மூடி வைத்து, விரிவுரையின் பதிவை இரவு நேர டேட்டாவில் இறக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு இதில் பெரும்பகுதி மிச்சமாகும். கொரோனாக் காலத்தில் 2020இல் பல்கலைக்கழக இணையத்தளங்களுக்கு இலவச டேட்டா கிடைத்தது. அந்த நினைப்பில் இன்று கணக்குப் போடக் கூடாது. பதிவு செய்யுமுன் உங்கள் வீட்டிலேயே, மாலை ஏழு மணிக்கு, எந்த சிம்மில் வேகம் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். உல்லைக் கடற்கரையில் கிடைக்கும் சிக்னல் உள்பக்கத்து வட்டாரங்களில் கிடைக்கும் என்றில்லை. கார்த்திகை, மார்கழி மழைக்கு மின்சாரம் போய்வரும் நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

அடுத்து லெப்டொப். கலைப் பாடங்களைக் கைபேசியில் ஓரளவு சமாளிக்கலாம். கணினிப் பாடத்தையும் கணக்கியலையும் சமாளிக்க முடியாது. 2024 சனவரியிலிருந்து வற் வரி 18 வீதம் என்பதால் புதியது வாங்குவது பாரம்தான். நன்றாக வேலை செய்யும் பழைய லெப்டொப் ஒன்றை, பற்றரியையும் ஹார்ட் டிஸ்க்கையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்குவது முதல் இரண்டு வருடத்துக்குப் போதும்.

மூன்றாவது செலவைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை: பரீட்சைப் பயணம். படிப்பு இணையத்தில் நடந்தாலும் பரீட்சைக்குப் பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும். பொத்துவிலுக்கு ரயில் கிடையாது. கொழும்பு ஏ4 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். உறக்கமில்லாத கண்ணோடு பரீட்சை மண்டபத்தில் உட்கார வேண்டும். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் மூன்று நாள் இருந்தால் ஊருக்கு வந்து திரும்பவும் முடியாது, அங்கே தங்கவும் காசு. பெண் பிள்ளை என்றால் கூட உம்மாவோ நானாவோ போக வேண்டும்: பஸ் காசு இரண்டு மடங்கு, தங்குமிடம் இரண்டு பேருக்கு, கூடப் போனவரின் வேலை நாளும் இழப்பு. விளம்பரத்தில் இரண்டு பட்டங்கள் ஒரே விலையில் நிற்கலாம். ஒன்றின் பரீட்சை ஒலுவிலிலும் மற்றதன் பரீட்சை கொழும்பிலும் நடந்தால் பொத்துவில் வீட்டுக்கு அவை ஒரே விலை ஆகாது.

நாலாவது, மீண்டும் எழுதும் செலவு. ஒரு பாடம் தவறினால் மறுபடி பதிவு, மறுபடி பரீட்சைக் கட்டணம், மறுபடி பயணம். ஆங்கிலத்தில் பலவீனமான ஒரு பிள்ளை ஆங்கில மொழிப் பாடநெறியில் நேரே சேரும்போது இந்தச் செலவு ஏறத்தாழ நிச்சயம். ஆறு மாதம் ஆங்கிலம் படித்துவிட்டுச் சேர்வது காலவிரயம் போலத் தெரியும். மீளப் பரீட்சைக் காசோடு ஒப்பிட்டால் அது இலாபம்.

இணையத்துக்குப் போகுமுன்

சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே உயர் தேசிய டிப்ளோமாவை (எச்.என்.டி.) முழுநேரமாகப் படித்தால் பாடநெறிக் கட்டணம் கிடையாது. இணையவழிப் பட்டம் பற்றி எழுதும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், எச்.என்.டி. முடித்தவர்களைப் பட்டத்தின் இறுதி ஆண்டுக்கு நேரே சேர்க்கும் பாடநெறிகள் பல உண்டு. நாலு வருடக் காசில் மூன்று வருடக் காசை இப்படித் தவிர்த்தவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். தகுதி இருந்து, சம்மாந்துறையில் தங்கவோ போய்வரவோ வசதியும் இருந்தால் முதலில் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள், வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ள தாய்மார் ஆகியோருக்குத்தான் கீழே உள்ள வழிகள் முதல் தெரிவு.

திறந்த பல்கலைக்கழகம்

நாவலையில் 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்விக்கென்றே உருவான அரச பல்கலைக்கழகம். மட்டக்களப்பில் அதற்கு நிலையம் இருக்கிறது. பொத்துவிலிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், நேர் பஸ்ஸில் போய்வரலாம். சேருமுன், உங்கள் பாடநெறியின் நேரடி வகுப்புகளும் (டே ஸ்கூல்) பரீட்சையும் மட்டக்களப்பில் நடக்குமா, கொழும்புக்குப் போக வேண்டி வருமா என்று அந்த நிலையத்திலேயே கேளுங்கள். எல்லாப் பாடநெறிக்கும் ஒரே பதில் இல்லை.

செலவுக் கண்ணோட்டத்தில் இதன் பெரிய நன்மை, ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் காசு கட்டுவது. முழு ஆண்டுப் பாரத்தையும் எடுக்க முடியாத வருடம் பாதிப் பாடங்களை எடுத்துப் படிக்கலாம். வயல் பொய்த்த வருடம், வீட்டில் கலியாணம் வந்த வருடம், குழந்தை பிறந்த வருடம் இதைச் செய்ய முடிகிறது என்பது சிறிய விடயம் அல்ல. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே வர இடம் இருக்கிறது. அதனால் முப்பது வயதில் படிப்பை மறுபடி தொடங்க நினைக்கும் ஒரு கடைக்காரருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தமிழ் மொழியிலும் உண்டு.

இதிலுள்ள பொறியையும் சொல்ல வேண்டும். ஆண்டு நடுவில் வரும் தொடர் மதிப்பீடுகளில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சை எழுதவே தகுதி கிடைக்காது. அந்தப் பாடத்துக்கு மறு ஆண்டு மறுபடி பதிந்து, மறுபடி காசு கட்ட வேண்டும். ஒப்படையைக் கடைசி நாளில் எழுதுவது, மதிப்பீட்டுக்குப் போகாமல் விடுவது எல்லாம் நேரே பணத்தில் விழுகிற அடி. உல்லையில் உல்லாசப் பயணச் சீசன் நேரம் இரவு பகலாக வேலை செய்யும் இளைஞர்கள் இதைக் கவனத்தில் எடுத்து, அந்த மாதங்களில் விழும் மதிப்பீடுகள் எவை என்று முன்னரே பார்த்துப் பாடங்களைத் தெரிய வேண்டும். பட்டம் முடிய நாலு வருடம் என்று எழுதியிருந்தால், வேலை செய்துகொண்டு படிப்பவர் ஐந்தாறு வருடம் என்றே கணக்குப் போடட்டும்.

ஒலுவிலும் வந்தாறுமூலையும்: வெளிவாரிப் பட்டம்

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பொத்துவிலிலிருந்து சுமார் 55 கிலோமீற்றரில் ஒலுவிலில் இருக்கிறது. உள்வாரி மாணவர்களுக்கு அங்கே படிப்பு இலவசம். வெளிவாரியாகப் பதிபவர்கள் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் கட்டி, கலை, வணிக நிருவாகம் போன்ற துறைகளில் பட்டம் பெறலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வெளிவாரிப் பட்டங்கள் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கட்டும் தொகையை மட்டும் பார்த்தால், இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த வழிகளில் ஒன்று இது. போக்குவரத்தும் குறைவு, அன்றே போய் அன்றே வரலாம். ஆனால் வெளிவாரி என்றால் பெரும்பாலும் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு தானே படிப்பதுதான். அதற்காகப் பிள்ளைகள் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தனியார் வகுப்புகளுக்கும், இப்போது சூம் வகுப்புகளுக்கும் போகிறார்கள். பாடத்துக்கு ஒரு கட்டணம், குறிப்புக்கு ஒரு கட்டணம், பரீட்சைக்கு முன்னான விசேட வகுப்புக்கு இன்னொன்று. மூன்று வருடத்தில் இந்த வகுப்புக் காசு பல்கலைக்கழகக் கட்டணத்தை எளிதில் தாண்டிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் படித்தால், ஒருவர் பாடத்துக்குப் போய்க் குறிப்பெடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பொத்துவிலில் ஒரே ஆண்டு பதிந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்திருப்பார்கள். இதை ஒழுங்கு செய்வது பெரிய காரியம் இல்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. வெளிவாரிப் பரீட்சைகளும் பெறுபேறுகளும் பிந்துவது வழமை. மூன்று வருடப் பட்டம் ஐந்து வருடம் இழுபட்டால் கட்டணம் அவ்வளவு கூடாவிட்டாலும், அந்த இரண்டு வருடம் பட்டதாரிச் சம்பளம் இல்லாமல் போகிறது. அந்த இழப்பையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். நடுவில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியைப் பதியுமுன் கேளுங்கள். பல வெளிவாரிப் பட்டங்களில் கடைசி ஆண்டு வரை போனால்தான் பலன்.

அரசாங்க வேலையை எதிர்பார்க்கும், தமிழ் மொழியில் நன்றாக எழுதும், தானே உட்கார்ந்து படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு இந்த வழி பொருந்தும். யாராவது பின்னால் நின்று சொன்னால்தான் புத்தகம் எடுப்பேன் என்பவருக்கு இது பொருந்தாது.

கணினி என்றால்

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு தொடங்கிய பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம், நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு மிக நல்ல பதில் தருகிறது. முதலாம் ஆண்டை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டை முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டை முடித்தால் பட்டம். ஒரு வருடத்தோடு காசு நின்றுவிட்டாலும் கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் டிப்ளோமா ஒன்று இருக்கும். அதை வைத்து வேலை தேடலாம், பிறகு தொடரலாம். பாடத்திட்டமும் கற்றல் வளங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. கற்பிப்பதைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றின் கட்டணம் தனி. மொழி ஆங்கிலம். பரீட்சைக்குக் கொழும்புப் பக்கம் போகும் செலவைத் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இதில் சேருமுன் ஒரு காசும் செலவழிக்காமல் தன்னைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த, தொலைக்கல்வி நிலையம் மென்பொருள் நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் பாடநெறித் தொகுதியொன்றை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பைதன் மொழியும் இணையப்பக்க வடிவமைப்பும் முதல் பாடங்கள். அவற்றை முடிக்கப் பொறுமை இருக்கும் பிள்ளைக்குப் பி.ஐ.ரி.க்குக் காசு கட்டலாம். முதல் பாடத்திலேயே மூடி வைத்தவருக்கு அந்தக் காசு மிச்சம். ஐ.ரி. படித்தால் வேலை என்று கேள்விப்பட்டு, விருப்பம் இருக்கிறதா என்று பாராமலே இலட்சங்களைக் கட்டும் பெற்றோருக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பவுணிலும் டொலரிலும் கட்டுவது

இலங்கையில் இயங்கும் தனியார் நிறுவனங்கள் வழியாகக் கிடைக்கும் இங்கிலாந்துப் பட்டங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விலை உண்டு. உள்ளூர்க் கட்டணம் ரூபாவில். பல்கலைக்கழகக் கட்டணம் பவுணில், தனியாக. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பது முதலாவது. இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் இன்றைய நாணய மாற்று விகிதத்தில். படிப்பு முடிவதற்குள் அந்த விகிதம் எங்கே போகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. ஆயிரம் டொலர் தவணை கட்ட வேண்டியிருந்த வீட்டுக்கு மூன்று மாதத்துக்குள் இரண்டு இலட்சம் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ஆனது. பிள்ளை ஒரு பாடமும் கூடுதலாகப் படிக்கவில்லை, நிறுவனம் கட்டணத்தைக் கூட்டவும் இல்லை. சம்பளம் ரூபாவில் வருகிறவருக்கு வெளிநாட்டு நாணயக் கட்டணம் என்பது கடிவாளம் பிறர் கையில் உள்ள வண்டி.

இலவசம் என்று சொல்லப்படும் வெளிநாட்டு இணையப் பல்கலைக்கழகங்களையும் இதே கண்ணால் பாருங்கள். 2009இல் தொடங்கி 2014இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற யுனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிள் கற்பித்தலுக்குக் கட்டணம் எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் நூறு டொலருக்கு மேல் இருக்கிறது; பட்டத்துக்கு 40 பாடங்கள். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் மொத்தம் 12 இலட்சத்தைத் தாண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் கணக்கு மாறும். அதற்கு விண்ணப்பித்துப் பதில் வந்த பிறகு சேர்வதே நல்லது. பாடம் பாடமாகக் கட்டலாம் என்பது இதன் நன்மை.

சென்னை ஐ.ஐ.ரி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டமும் இணையத்தில் நடப்பது. அடிப்படை நிலை, டிப்ளோமா, பட்டம் என்று படிப்படியாக வெளியேற முடிகிற அமைப்பு. அந்த வகையில் பி.ஐ.ரி.யைப் போன்றது. கணிதத்தில் பலம் வேண்டும், தொடக்கத்தில் சில வாரங்கள் படித்துத் தகுதிப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைகள் நேரில் நடப்பதால், எந்த நிலையத்தில் எழுத விடுவார்கள் என்பதை விண்ணப்பிக்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் உலகெங்கும் வெளிவாரி மாணவர்களைப் பரீட்சைக்கு அமர்த்திவருகிறது. அதன் பெயருக்கு மதிப்பு உண்டு, கட்டணம் பவுணில்.

வெளிநாட்டுப் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாரிலோ சவூதியிலோ நானா ஒருவர் ஒழுங்காக வேலையில் இருந்து, தங்கையின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வீட்டுக்கு அது சரிவரும். வருமானமும் கட்டணமும் வெளிநாட்டு நாணயத்தில் இருப்பதால் ரூபா விழுந்தாலும் தாங்கும். மற்ற வீடுகள் முதலில் உள்ளூரில் டிப்ளோமாவோ எச்.என்.டி.யோ முடித்து, வேலையில் சேர்ந்து, கடைசி ஒரு வருடத்தை மட்டும் வெளிநாட்டுப் பட்டமாக எடுப்பது பாதுகாப்பு.

காசு எங்கிருந்து

மகாபொல புலமைப்பரிசிலை நம்பி வெளிவாரிக்குப் பதிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய அந்த நிதியம் அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி மாணவர்களுக்கானது. வெளிவாரி மாணவருக்கு அது இல்லை.

2017இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம், உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கு. அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில், பட்டியலிலுள்ள பட்டங்களுக்கு மட்டும் அது செல்லும். கடனைத் திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலத்துக்குப் பிறகு. பிணையாளர் வேண்டும். அந்த நிறுவனங்கள் பல கொழும்பைச் சுற்றியே இருப்பதால் தங்கிப் படிக்கும் செலவு தனி. வீட்டிலிருந்து படிக்க நினைப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படுவது குறைவு. வட்டியை மாணவர் கட்டுவதில்லை, அரசாங்கம் வங்கிக்குக் கட்டுகிறது. இது மார்க்க ரீதியில் கூடுமா என்று கேட்கும் பெற்றோர் நம் ஊரில் அதிகம். அந்தக் கேள்வி நியாயமானது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடமோ நீங்கள் நம்பும் ஆலிமிடமோ திட்டத்தின் நிபந்தனைகளைக் காட்டிக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். அரைகுறை மனதோடு கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு பாதியில் விலகுவது பிள்ளைக்குத்தான் பாதிப்பு.

நகையை ஈடு வைத்துப் படிப்பிப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். வட்டிக்கு வைத்த நகை, மூன்று வருடப் படிப்பு முடியுமுன் மூழ்கிப்போவதும் நடக்கிறது. 2011இல் இஸ்லாமிய முறையில் வர்த்தக வங்கியாகத் தொடங்கிய அமானா வங்கி போன்ற இடங்களில் நகையைப் பொறுப்பில் வைத்து, வட்டியில்லாமல், பாதுகாப்புக் கட்டணத்தோடு பணம் தரும் சேவை உண்டு. அந்தக் கட்டணமும் மாதா மாதம் ஏறும் என்பதால், குறுகிய காலத்துக்கு மட்டும் சரி. மூன்று வருடத்துக்குக் காசு வேண்டுமென்றால் ஒரு நகையை விற்று, கையில் காசாக வைத்துக் கட்டுவது பல வேளைகளில் நட்டம் குறைந்த வழி. உம்மாமாருக்கு இதைக் கேட்க மனம் வராது. கணக்கை எழுதிக் காட்டினால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பெண்கள் தமக்குள் போடும் சீட்டு இந்தத் தேவைக்கு மிகப் பொருத்தமானது. வட்டியில்லை, பிணையில்லை. பதிவுக் கட்டணம் கட்டும் மாதத்துக்கு உங்கள் முறை வரும்படி தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஸகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் நிர்வாகமும் பைத்துஸ் ஸகாத் அமைப்புகளும் ஒரு தையல் இயந்திரத்துக்குக் கொடுப்பது போலவே ஒரு வருடப் பரீட்சைக் கட்டணத்துக்கும் கொடுக்க முன்வர வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கேட்கும்போது வெறுங்கையோடு போகாமல், அந்த வருடச் செலவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். வாப்பா உல்லையில் ஓட்டோ ஓடுகிறார், ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. சீசன் காசு சித்திரையிலிருந்து ஐப்பசி வரை. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் கைக்கு வரும். கார்த்திகையிலிருந்து தை வரை மழை. உல்லாசப் பயணியும் இல்லை, வயலில் வரவும் இல்லை, செலவு மட்டும் உண்டு. இந்த வீடு மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டால் மழைக்கால மூன்று தவணையும் கடனில்தான் கட்டப்படும். ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டும் முறை இருந்தால், ஒன்றை அறுவடைக்குப் பிறகும் மற்றதை சீசன் நடுவிலும் கட்டிவிடலாம். தவணைத் திகதியை மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்டால் சில நிறுவனங்கள் இணங்கும். நோன்பும் பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகின்றன. கட்டணத் திகதியும் பெருநாளும் ஒரே வாரத்தில் விழும் வருடத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கையெழுத்து வைக்குமுன்

உள்ளூர் நிறுவனம் தானே பட்டம் வழங்குகிறது என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். அரச வர்த்தமானியின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதே பட்டம் இணையவழியில் எடுத்தாலும் அரச வேலைக்கு ஏற்கப்படுமா என்று ஆணைக்குழுவிடம் நேரே எழுதிக் கேளுங்கள். நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளை "ஓம் ஓம், எல்லாம் சரி" என்று சொல்வது பதில் ஆகாது.

பணம் கட்டுமுன் இன்னும் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும், ஒரு பாடம் தவறினால் மறுபடி எழுத எவ்வளவு, ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் எவ்வளவு கூடலாம். எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

என் தெரிவைக் கேட்டால், வேலைக்குப் போய்க்கொண்டு படிக்க நினைப்பவருக்குத் திறந்த பல்கலைக்கழகம். கணினியில் உண்மையான ஆர்வமுள்ளவருக்கு மொறட்டுவையின் இலவசப் பாடத்துக்குப் பிறகு பி.ஐ.ரி. பொருந்தும். தமிழில் கலைப் பட்டம் வேண்டும், கட்டுப்பாடாகத் தானே படிப்பேன் என்பவருக்கு ஒலுவில். வெளிநாட்டு இணையப் பட்டத்தை, வெளிநாட்டு வருமானம் உள்ள வீடு தவிர, முதல் படியாக எடுக்க வேண்டாம். எந்த வழியானாலும் முதலாம் ஆண்டைக் கடன் வாங்காமல் கட்டுங்கள். அந்த ஆண்டிலேயே படிப்பு பிள்ளைக்குப் பிடிபடுகிறதா என்று தெரிந்துவிடும். பிடிபட்டால் இரண்டாம் ஆண்டுக்குக் கடன் கேட்கவும் துணிவு வரும்.

உல்லையில் சீசன் முடிந்து மழை தொடங்குமுன், முதலாம் ஆண்டுக் கட்டணத்தையும் ஒரு பரீட்சைப் பயணக் காசையும் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வீட்டுச் செலவு எவ்வளவு நெருக்கினாலும் அதில் கை வைக்காதீர்கள்.